எதிர்வீட்டு வெளிச்சம்

கூந்தலில் ஷாம்பு மணக்க மரியெல் உள்ளே வந்தாள். ஆறு நாளாகக் கரண்டு இல்லாத வீடு அது. அந்த வாசனைக்கு அவள் கணவன் ஃபெர்னான் தலையைத் தூக்கினான்.

"குளிச்சியா?" என்றான், போர்வைக்குள் இருந்தபடியே.

"ம். லூசியன் வீட்டுல. வென்னீர் கொதிக்கக் கொதிக்க வருது." அவள் பூட்ஸைக் கழற்றினாள். "நீயும் வந்திருக்கலாம். தினமும் கூப்பிட்டுட்டுதானே இருக்கேன்."

"நான் எதுக்கு நடுவுல?"

"அப்ப உன் வீம்பைப் போத்திக்கிட்டுத் தூங்கு."

பிளாஸ்க்கில் கொண்டுவந்த பட்டாணி சூப்பை மேஜைமேல் வைத்தாள். ஆவி பறந்தது. ஃபெர்னான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, டின்னில் விறைத்துக் கிடந்த பீன்ஸைக் கரண்டியால் குத்தித் தின்றான்.

தொண்ணூற்றெட்டு ஜனவரி அது. உறைமழை ஐந்து நாள் விடாமல் பெய்து, மரங்களுக்கும் மின்கம்பங்களுக்கும் பனிக்கட்டிச் சட்டை மாட்டி, பிறகு ஒவ்வொன்றாக முறித்துப் போட்டிருந்தது. கனடாவின் மோன்ரியலுக்குத் தெற்கே ஊர் ஊராக இருட்டு. தெருவில் பாதிப் பேர் பள்ளிக்கூட ஜிம்மில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்கள். ஃபெர்னான் மட்டும் அசையவில்லை. போய்விட்டால் எதிர்வீட்டை யார் கண்காணிப்பது?

எதிர்வீட்டு லூசியன் மனைவியை இழந்தவன். ஐம்பத்திரண்டு வயதிலும் தலைமுடி கொட்டவில்லை. ஃபெர்னான் கணக்கில் அதுவே ஒரு குற்றம். புத்தாண்டு விருந்தில் அவன் மரியெலை அழைத்து இரண்டு ஆட்டம் ஆடினான். மூன்றாவதுக்கும் கை நீட்டினான். அதற்குள் ஃபெர்னான் கோட்டை மாட்டிக்கொண்டு, மனைவியை வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டான்.

இப்போது அந்த லூசியன் வீட்டில் ஜெனரேட்டர் வேறு. தன் வீட்டில் அது இல்லாததற்கு யார் காரணம் என்பது ஃபெர்னானுக்குத் தெரியும். அதனால் வயிற்றெரிச்சல் இரட்டிப்பானது.

போன ஆகஸ்டில் ஒரு பண்ணை ஏலத்தில் மரியெல் ஒரு ஜெனரேட்டரைக் காட்டி, "வாங்கிடலாமா?" என்றாள்.

"நம்ம மாகாணத்துல கரண்டு போகுமா? ஹீட்டரே கரண்டுலதான் ஓடுதுன்னு விறகடுப்பையே தூக்கிப் போட்டவன் நான். அந்த உறுமல் சனியன் என் வாசலுக்குள்ள வந்துச்சு, நான் வெளிய போயிடுவேன்." பத்துப் பேர் நடுவில் இப்படி முழங்கினான். மரியெல் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் அவனை உள்ளுக்குள் அரித்தது வேறொன்று. நாலரைக்கே இருட்டிவிடும். லூசியன் வீடும் மற்ற வீடுகளைப் போலவே இருண்டு கிடக்கும். ஐந்து மணிக்கு மரியெல் வழியெல்லாம் அடுப்புச் சாம்பல் தூவிய பனிக்கட்டியில் அடிமேல் அடி வைத்துத் தெருவைக் கடப்பாள். இரண்டே நிமிடம்தான். பின்பக்கக் கொட்டகையில் மெஷின் உறுமும், ஜன்னலெல்லாம் ஒரே சமயத்தில் பளிச்சென்று எரியும். ஏழு மணிக்கு அவள் கிளம்பியதும் மறுபடி இருட்டு.

ஃபெர்னான் ஜன்னல் கண்ணாடியில் படிந்த உறைபனியைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி இதைத் தினமும் பார்த்தான். ஆக, தனியாக இருந்தால் அந்த ஆளுக்கு வெளிச்சம் வேண்டாம். இவள் போனால்தான் திருவிழா. இருபத்தாறு வருடக் குடித்தனம் கண்ணெதிரே கைநழுவிப் போவதாக அவனுக்குத் தோன்றியது.

ஏழாம் நாள் நாலரை மணிக்குக் கோட்டை மாட்டினான்.

"எங்க?" என்றாள் மரியெல்.

"ஜிம்ல ரொட்டி தராங்களாம். வாங்கிட்டு வரேன்."

"பாத்துப் போ. வழுக்கும்."

தெருமுனை வரை போவதுபோலப் போய், வேலி ஓரமாகவே திரும்பி வந்தான். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தான். கடைசிப் பத்தடியைத் தவழ்ந்தே கடந்தான். லூசியன் வீட்டுக் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

சமையலறை மேஜையில் லூசியன் கோட்டும் குல்லாயுமாக உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரே ஒரு மெழுகுவர்த்தி. வீடு ஃபெர்னான் வீட்டைப் போலவே சில்லிட்டுக் கிடந்தது.

"வா ஃபெர்னான். ஒருவழியா வந்துட்டியே. உட்காரு."

"உட்கார வரல. என் பொண்டாட்டி இன்னும் வரலையா?"

"மணி அஞ்சு ஆகலையே. இப்ப வந்துருவாங்க."

"லைட்டு போடலையா?"

"அவங்க வரட்டும்."

"அவ வந்தாதான் போடுவியோ?"

"ஆமா," என்றான் லூசியன் சர்வசாதாரணமாக.

ஃபெர்னான் ஒரே எட்டில் அவன் காலரைப் பிடித்தான்.

"வெக்கமில்லாம ஆமாங்கறியே. இருபத்தாறு வருஷமா அவ என் பொண்டாட்டிய்யா. நீ இருட்டுல உட்கார்ந்து அவளுக்காகக் காத்துக்கிட்டிருப்ப, அவ காலடி வெச்சதும் வீடு பூரா வெளிச்சம் போட்டு மயக்குவ. நான் ஜன்னல் வழியா அதை வேடிக்கை பாக்கணுமா?"

லூசியன் ஒன்றும் புரியாமல் விழித்தான். பிறகு ஃபெர்னானின் விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல விடுவித்தான்.

"என்னப்பா பேசற? கொட்டகைதான் என்னோடது. மரியெலோட மெஷினை அவங்க இல்லாம நான் எப்படிப் போடறது?"