கருந்துளைக்குள் போன கேப்டன்

"செத்தவன் எப்படிங்க திரும்பி வருவான்?"

சுசித்ரா கேட்ட வேகத்தில், அடுத்த பெஞ்சில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த டூரிஸ்ட் குடும்பம் தட்டோடு எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தது.

சிவமுருகன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள். பழனியில் பொம்மைக் கடை வைத்திருப்பவன், கொடைக்கானல் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க மலையேறி வந்திருந்தான். வந்ததுதான் வந்தோம், கட்டிக்கொள்ளப் போகிறவளோடு ஏரிக்கரையில் ஒரு டீ குடித்துவிட்டு இறங்கலாம் என்று ஆசைப்பட்டான். ஆசைப்பட்டது தப்பில்லை. 'படம் எப்படி இருந்துச்சு?' என்று கேட்டதுதான் தப்பு.

படம் என்றால் 'கருந்துளைக் கோட்டை', ஏழாம் பாகம். ஆறாம் பாகத்தின் முடிவில் பூமியைக் காப்பாற்றக் கருந்துளைக்குள் குதித்து உயிரை விட்ட கேப்டன் ஜாரக், ஏழாம் பாகத்தில் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு, போட்ட சட்டை கசங்காமல் திரும்பி வந்துவிட்டான். அந்தக் காட்சிக்கு சிவமுருகன் போட்ட ஆட்டத்தில் தியேட்டர் நாற்காலி ஒன்றின் கை கழன்றுவிட்டது. சுசித்ராவும் இந்தப் படங்களின் பரம ரசிகை. ஜாதகத்தைவிட இந்தப் பொருத்தம்தான் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது.

"படத்தைப் படமாப் பாருங்க சுசித்ரா. என்ஜாய் பண்ணத்தான போறோம்?"

"நான் பிசிக்ஸ் டீச்சருங்க. கருந்துளைக்குள்ள வெளிச்சம் போனாலே திரும்பாது. எழுபது கிலோ ஆளு எப்படித் திரும்புவான்? உள்ள போனதுமே இடியாப்பமா நீண்டுருவான்."

"இடியாப்பமா நீளுறதுக்குள்ள வெரசா வெளிய வந்துட்டான்னு வச்சுக்கங்களேன்."

"அப்படியெல்லாம் வச்சுக்க முடியாதுங்க."

சுசித்ராவுக்கு இதற்கு முன் இரண்டு வரன்கள் வந்து போயிருந்தன. அதில் ஒருவன், ஒளியாண்டு என்பது கால அளவு என்று சொன்ன ஒரே குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவன். 'நீங்க சொல்றதுதான் சரி' என்று இப்போதே சரணடைந்துவிட்டால் கல்யாணம் நல்லபடியாக நடந்துவிடும். ஆனால் ஜாரக் விஷயத்தில் பொய் சொல்ல சிவமுருகனுக்கு நாக்கு வரவில்லை.

"இவ்வளவு சயின்ஸ் பேசுறீங்களே, முந்தின ஆறு பாகத்துலயும் காத்தே இல்லாத எடத்துல குண்டு டமார்னு வெடிச்சுச்சு. அப்ப நீங்க விசில் அடிச்சதா உங்க தங்கச்சி சொல்லுச்சு."

"அது வேற."

"நாலாம் பாகத்துல விண்கலம் கிரீச்னு பிரேக் போட்டு நின்னுச்சு."

"அதுவும் வேற. அதையெல்லாம் மன்னிச்சுரலாம். செத்தவன் வந்ததை மட்டும் என்னால ஒத்துக்க முடியாது. வந்தது ஜாரக்கே இல்லங்க. அவன மாதிரியே லேப்ல செஞ்ச நகல்."

"நகலா? ரெண்டாம் பாகத்துல வாங்குன வெட்டுத் தழும்பு கன்னத்துல அப்படியே கெடக்கு."

"நகல் எடுக்கும்போது தழும்பையும் சேத்துத்தான் எடுப்பாங்க."

"காதலிக்கு வச்ச பட்டப்பேரு? அது அவங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான தெரியும்?"

"மூளையில இருந்து உருவியிருப்பாங்க."

சொல்லிக்கொண்டே அவள் ஜடையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஏரியிலிருந்து பனி ஏறிவரும் அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது. ஒரு படத்துக்காக இவ்வளவா என்று சிவமுருகனுக்குப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

டீ மாஸ்டர் கணேசன் அதுவரை பொறுத்துப் பார்த்தார். பிறகு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு நேராக வந்து நின்றார்.

"டீச்சர், அந்தப் படத்தை நானும் பாத்தேன். எனக்கு சயின்ஸெல்லாம் தெரியாது. ஆனா வந்தவன் தலைய மடியில போட்டுக்கிட்டு, 'இது எம்புள்ளதான்'னு அவன் ஆத்தா அழுதுச்சா இல்லையா? தான் பெத்ததா இல்லையான்னு ஆத்தாளுக்குத் தெரியாதா?"

தள்ளிப் போய் உட்கார்ந்த டூரிஸ்ட் குடும்பமும் ஆமாம் என்று தலையாட்டியது.

நியூட்டனை எதிர்த்து யாரும் எங்கேயும் பேசலாம். தமிழ்நாட்டு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஒரு தாயின் கண்ணீரை எதிர்த்துப் பேசிவிட முடியாது.

சுசித்ரா சிவமுருகன் பக்கம் திரும்பினாள்.

"மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நம்ம கல்யாணமே இதுலதான் இருக்கு. வந்தது அசல் ஜாரக்தானா?"

சிவமுருகன் யோசித்தான். மண்டபம், சமையல்காரர், பையில் மிச்சமிருக்கும் பத்திரிகைகள், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. கூடவே ஜாரக்கும் வந்து நின்றான்.

"அசல்தான். சத்தியமா அவன் உசுரோட வந்துட்டான்."

சுசித்ரா கோபப்படவில்லை. மெல்லப் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, முகூர்த்தத்துக்கு ஜடை அலங்காரம் பண்ண வர்ற அக்காவ வர வேண்டாம்னு சொல்லிருங்க."

கல்யாணம் நின்றது என்று சிவமுருகன் கண்ணை மூடிக்கொண்டான். கணேசன் அவன் தோளைத் தொட்டு ஆறுதலாக நின்றார்.

"அய்யோ, கல்யாணம் நிக்கலம்மா. வேண்டுதல பாக்கி வச்சுக்கிட்டுத் தாலி கட்டிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? ஆறாம் பாகம் பாத்துட்டு மூணு நாள் சோறு திங்காமக் கெடந்தப்ப, ஜாரக் உசுரோட வந்தா பழனியில மொட்டை போடுறேன்னு முருகன்கிட்ட வேண்டியிருந்தேன். இல்லம்மா, நகல் இல்லையாம், மாப்பிள்ளையே சத்தியம் பண்றாரு."