செதில்

அது வைகாசியா ஆனியா என்று நிஸ்தாரிணிக்கே இப்போது நிச்சயமில்லை. ஏகாதசி என்பது மட்டும் நிச்சயம்.

வங்காளத்தில், கிருஷ்ணநகருக்குக் கிழக்கே அந்த ஊரில் விதவைக்கு ஏகாதசியன்று சோறும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. நிஸ்தாரிணிக்கு அப்போது பதினேழு வயது. காய்ச்சல் வேறு.

நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூடத்து மூலையில் மண்பானை வியர்த்திருந்தது. ஓரகத்தி பாமாசுந்தரி அதன் பக்கத்தில் உட்கார்ந்து பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கண் பூசணியில், ஒரு கண் இவள் மேல்.

மாமியார் க்ஷேமங்கரி உள்ளே வந்தாள். அவளும் விதவை. அவளுக்கும் அன்று விரதம். வந்தவள் குனிந்து மருமகளின் காலைப் பார்த்தாள்.

“கர்மம்! குதிகால்ல மீன் செதில் ஒட்டியிருக்கு பாரு. எதையும் தொடாதே, எழுந்திருடி. போய்த் தலை முழுகு.”

காய்ச்சல் என்று சொல்லக்கூட வாய் திறக்கவில்லை. கிழவி தீட்டுக்குப் பயந்து எட்ட நின்றே அவளைக் குளத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

படித்துறையில் பக்கத்து வீட்டு மோட்சதா சாம்பல் போட்டு வெண்கலப் பானை துலக்கிக்கொண்டிருந்தாள்.

“காலையிலதானே முழுகினா? உன்கிட்ட சிக்கினா அந்தப் பொண்ணு வெல்லக்கட்டியா கரைஞ்சுடுவா, அக்கா.”

“நீ உன் பானையைப் பாரு” என்றாள் க்ஷேமங்கரி.

நிஸ்தாரிணி முங்கினாள்.

நீருக்குள் பச்சை இருட்டு. வாய் அவளைக் கேட்கவில்லை, தானாகத் திறந்துகொண்டது.

எழுந்தபோது உதடுகளை இறுக்கிக்கொண்டாள். பாவம் உதட்டில் தெரியும் என்று தோன்றியது. ஏகாதசியில் ஒரு வாய் தண்ணீர் விழுங்கினாலும் குடும்பம் மொத்தமும் நரகத்துக்கு.

மாமியார் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. எதிர்க்கரைப் பனைகளைப் பார்த்தபடி சொன்னாள்: “உச்சி நனையல. இன்னொரு முங்கு. மெதுவா எழுந்தா போதும்.”

அன்றிலிருந்து கோடை ஏகாதசிதோறும் அவள் மேல் ஏதாவது ஒட்டிக்கொண்டது. எச்சில் பருக்கை. முட்டை ஓடு. நாவிதன் நிழல். ஆசாரம் பிடித்த கிழவியை நிஸ்தாரிணி மனதாரச் சபித்தாள்.

க்ஷேமங்கரிக்கு உயிர் பிரிந்ததும் ஒரு ஏகாதசியில்தான். உதடுகள் தண்ணீருக்கு அசைந்தன. மூத்த மகன், பாமாசுந்தரியின் கணவர் ஹரிசரண் அழுதபடி கங்கை நீரை அம்மாவின் காதில் விட்டார். வாயில் விட்டால் விரதம் போய்விடும்.

“அம்மா கால்ல செதில் ஒட்டியிருக்கு” என்றாள் நிஸ்தாரிணி. “குளத்துக்குத் தூக்கிட்டுப் போகணும்.”

“பைத்தியமா உனக்கு? இன்னிக்கு வீட்டுல மீனே வாங்கலையே” என்றாள் பாமாசுந்தரி.

பதினேழு வயதில் தன் குதிகாலில் செதில் ஒட்டியிருந்த அன்றைக்கும் வாங்கவில்லை.

ஹரிசரண் கயாவுக்குப் போய்ப் பிண்டம் வைத்தார். இரண்டு மழைக்காலம் கழித்து அவரும் போய்ச்சேர்ந்தார். பாமாசுந்தரியும் இப்போது வெள்ளைப் புடவைதான். மோட்சதா மகனோடு கல்கத்தாவில் இருக்கிறாள். குளத்தை ஆகாயத்தாமரை மூடிவிட்டது.

நிஸ்தாரிணி அதே வீட்டில் இருக்கிறாள். ஏகாதசிதோறும் கூடத்தில் உட்கார்ந்து காலை நீட்டி வைத்துக்கொள்கிறாள். குனிந்து பார்க்க யாரும் இல்லை.