ஆளுக்கொரு பேணி

ஞானசவுந்தரி எள்ளையும் பனங்கட்டியையும் இடித்து உருட்டி, பால்மா வந்த தகரப் பேணிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். கடலில் வள்ளம் பழுதாகி நின்றுவிட்டால், கரை சேரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிற சாப்பாடு அது.

"கொஞ்சம் பாணும் வையுமன்," என்றான் கணவன் வஸ்தியாம்பிள்ளை.

"பாண் வயித்தை நிரப்பும், தெம்பு தராது. எள்ளுருண்டை ஒண்டு திண்டாலே ஒரு பொழுது தாங்கும்."

போன மாரியில் அனலைதீவுக்கு அப்பால் எஞ்சின் நின்று, வள்ளம் காற்றோடு இழுபட்டுப் போனது. அவளுடைய மூத்த தம்பி யாக்கோபு பசிக்களையில் வள்ளத்திலேயே கண்ணை மூடினான். சாப்பாட்டை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று, தப்பி வந்த வஸ்தியாம்பிள்ளை கோயிலடியில் கதறியபோது ஊரே சேர்ந்து அழுதது. இன்றைக்கு இளைய தம்பி எமிலியான் முதன்முதலாக அவனோடு தொழிலுக்குப் போகிறான்.

அவள் இன்னொரு பேணியையும் நிரப்பினாள்.

"ரெண்டு பேணி என்னத்துக்கு? எல்லாத்தையும் ஒண்டுக்குள்ளை போடலாமே."

"இது உங்களுக்கு. மற்றதைத் தம்பியின்ரை கையிலை குடுக்கப்போறன்."

"நான் தனியத் திண்டுபோடுவன் எண்டோ?" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. மூடியை அழுத்தி மூடினாள்.

"அண்டைக்கு வள்ளம் கரைக்கு வர, பேணியை நான்தான் எடுத்தனான். உள்ளுக்கை ஒண்டும் இல்லை. மூடி மட்டும் இறுக்கி மூடினபடி கிடந்தது."

பேணியை அவனிடம் நீட்டினாள்.

"அலை மூடியைத் திறந்து எடுத்துப்போட்டு, திரும்ப இறுக்கி மூடுமோ?"