ஒரு வாரம் முட்டை கூடாது

வீட்டுக்கார அம்மாவுக்கு இரண்டு கவலை. ஒன்று, கொல்லைக் கோழிகள் வேளைக்கு வேளை தின்றும் தேறவில்லை. இன்னொன்று, அவை இடுகிற கொஞ்சநஞ்ச முட்டையும் விடிவதற்குள் மாயமாகிக்கொண்டிருந்தது.

முட்டைத் திருடன் மாடியில் குடியிருக்கும் டெய்லர்தான் என்று அவள் கணவர் அடித்துச் சொன்னார். மாடிப்படிக்கு அடியில் முட்டை ஓடுகளைக் கண்டுபிடித்ததும் அவரேதான்.

"ஊமைக் கோட்டான் மாதிரி இருக்கான் பாரு, அவனேதான்! இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டேன்."

டெய்லர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. நிறைமாத மனைவியை வைத்துக்கொண்டு வீடு தேடித் தெருத் தெருவாக அலைந்தான். பார்க்கப் பார்க்க அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்காமல் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தெருவில் நிறுத்துவதா?

வழி காட்டியது கோழிகள்தான். கொண்டை வெளுத்துப்போய், எச்சத்தில் நூல் நூலாகப் புழு நெளிவதைக் கண்டவள் கால்நடை டாக்டரிடம் ஓடினாள்.

"குடல்ல புழும்மா. தின்கிறதெல்லாம் அதுக்குத்தான் போகுது. காலையில தண்ணி வைக்காம கொஞ்ச நேரம் தாகமா விட்டுட்டு, அப்புறம் இந்த மருந்தைக் கலந்து வைங்க. மடமடன்னு குடிச்சிடும். ஆனா ஒரு வாரத்துக்கு முட்டை கூடாது."

"மீறிச் சாப்பிட்டா உயிருக்கு ஆபத்தா டாக்டர்?"

"அந்த அளவுக்கெல்லாம் போகாதும்மா. மருந்து முட்டையிலயும் இறங்கும், அதனால வேண்டாம்."

அம்மாவுக்குப் பொறி தட்டியது.

மறுநாள் கணவர் இரும்புக் கடைக்குப் போனதும் கோழிகளுக்கு மருந்து வைத்தாள். எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி. கணவரிடம்கூட மூச்சு விடவில்லை, அவர் வாயில் ரகசியம் தங்காது.

அடுத்த நாள் விடியலில் வழக்கம்போல முட்டைகளைக் காணோம். கணவர் கடைக்குக் கிளம்பும்வரை பொறுத்திருந்தவள், குழாயடியில் நின்று மாடிவரை கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"கோழிக்கெல்லாம் புழு மருந்து கொடுத்திருக்கேன்! அந்த முட்டையைத் தின்னவங்க வயிறு என்ன பாடு படப்போகுதோ, எனக்குத் தெரியாது சாமி!"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? ஆனால் ஓடலாம். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். டெய்லர், முகமெல்லாம் வெளிறி, காலில் செருப்புகூட இல்லாமல், தெருமுனை டாக்டரின் கிளினிக்கை நோக்கி ஓடினான்.

ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அம்மாவுக்கு வரவில்லை. இவனாக இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. ஆனாலும் போனை எடுத்தாள்.

"என்னங்க, திருடன் மாட்டிக்கிட்டான். தெருமுனை கிளினிக்குக்கு உடனே வாங்க."

அவள் கிளினிக் வாசலுக்கு வந்து சேரும்போது கணவரும் போட்டது போட்டபடி பறந்து வந்தார்.

"நான் அப்பவே சொன்னேனில்ல? என் கண்ணுல இருந்து எவனும் தப்ப முடியாது! இன்னைக்கே அவன் சாமானைத் தூக்கி வெளியில வைக்கிறேன் பாரு" என்று மீசையை முறுக்கியபடி மனைவிக்குப் பின்னால் நின்றார்.

முன்னால் இருந்தவர்கள் போய், அப்போதுதான் டெய்லரின் முறை வந்திருந்தது. டாக்டரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

"பதறாதேப்பா. நீ எத்தனை முட்டை சாப்பிட்டே, அதைச் சொல்லு" என்றார் டாக்டர்.

"நான் சாப்பிடல டாக்டர்" என்றான் டெய்லர், பதற்றம் அடங்காமல். "எங்க வீட்டுக்கார ஐயாதான், கொழுப்பு ஏறிடுச்சுன்னு நீங்க முட்டையை நிறுத்தினதுல இருந்து, தினமும் விடியக்காலையில கொல்லையில நின்னு பச்சையாவே ரெண்டு உடைச்சுக் குடிக்கிறாரு. அம்மாவுக்குத் தெரிஞ்சா அவரு மானம் போயிடுமேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. அவருக்கு ஒண்ணும் ஆயிடாதே டாக்டர்?"