இடுப்புக்குள் ஓர் இரும்பு

"எக்ஸ்ரே படம் வேணாம்டா. நாளைக்குக் கல்லறைத் திருநாள். பட்டிப்பொல போயி உன் சித்தப்பா கஸ்பருக்கு மெழுகுதிரி ஏத்திட்டு அப்புறம் பார்ப்போம்."

அட்டன் டவுன் டாக்டரின் வாசலில் மரியநாயகம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரன் படையில் எகிப்துச் சண்டைக்குப் போய், இடுப்பில் குண்டுத் துண்டோடு திரும்பியவர் என்று முப்பது வருஷமாகத் தேயிலைத் தோட்டமே அவருக்கு எழுந்து நிற்கிறது.

"படைக் கடிதத்துல ஊனம் இருபது சதவீதம்னுதான் எழுதியிருக்காங்கப்பா. இப்ப உங்களால நடக்கவே முடியல. உள்ள இருக்கிற இரும்பைப் படத்துல காட்டினா பென்சனைக் கூட்டித் தருவாங்க" என்றான் மகன் றோலண்ட்.

"சாகும்போதுகூட உங்கம்மா இந்தப் படம் வேணாம்னுதானே சொன்னா?"

றோலண்ட் அதைக் காதில் வாங்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது.

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு படைக் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"துண்டை எடுக்க முடியலன்னு இதுல எழுதியிருக்கு. ஆனா உள்ள ஒண்ணுமே இல்லையே, தம்பி."

"கரைஞ்சிருக்குமோ, டாக்டர்?"

"இரும்பு கரையுமா? இடுப்புல ஒரு தழும்புகூட இல்ல."

றோலண்ட் கிழவர் பக்கம் திரும்பினான். "அப்பா, அந்த இரும்பு எங்க?"

கிழவர் சட்டையில் குத்தியிருந்த பதக்கத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தார். முதுகு மட்டும் வளையவில்லை.

"உங்கப்பாகிட்டதான் இருக்கு. சண்டை முடிஞ்சு நான் ஊருக்குக் கூட்டிட்டு வர்ற வழியில, பட்டிப்பொலயில அண்ணன் உசுரு போயிடுச்சு. நீ அப்ப கைக்குழந்தை, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சாயல். உங்கம்மா தாலியறுக்கக் கூடாதுன்னு அவர் பேரை நான் எடுத்துக்கிட்டேன். என் பேரைக் கல்லுல வெட்டி அவருக்கு வச்சேன்."

றோலண்ட் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கஸ்பர் நான்தான்டா. நாளைக்கு அங்க மெழுகுதிரி ஏத்தும்போது, அவரைத்தான் நீ அப்பான்னு கூப்பிடணும்."