கலைந்த காற்று

"வேணும்னேதான் இடிச்சா! நான் பார்த்தேன்!"

கூட்டம் கத்தியது மலர்க்கொடியின் காதில் விழவே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பந்தயப் பாதையை ஒட்டியிருந்த நாற்றங்காலில் இறங்கி ஓடினாள். முழங்கால் வரை சேறு. அவள் இடித்த கார் அங்கே மூக்கு குத்திக் கிடந்தது.

"தமிழரசன், அடி கிடி பட்டுச்சா?" கையை நீட்டினாள்.

அவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையைத் தட்டிவிட்டுத் தானே கரையேறிப் போனான்.

பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய ரேஸ் கார்களுக்கு, தஞ்சாவூரை அடுத்து நடந்த போட்டி அது. முதல் இடம் பிடித்தால் கோயம்புத்தூரில் இறுதிப்போட்டி. கடைசிச் சுற்றில் முன்னால் போனவன் திருவையாற்றுத் தமிழரசன். அவனை ஒட்டியே வந்த ஒரத்தநாட்டு மலர்க்கொடி, கடைசி வளைவில் இடித்துத் தள்ளிவிட்டு முதலாவதாக எல்லைக்கோட்டைத் தாண்டினாள்.

வேண்டுமென்றே செய்ததாக முடிவானால் ஒரு வருடம் தடை.

"ஏம்மா இடிச்சே?" நடுவர் ஷோபனா தன் கூடாரத்தில் வைத்துக் கேட்டார்.

"ஸ்டீயரிங்கைத் திருப்பினேன் மேடம். வண்டி திரும்பல. காத்து பத்தல."

கூடாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஷோபனா சிரிக்கவில்லை. "சொல்லு."

"முன்னாடி போற வண்டி காத்தைக் கலைச்சுவிட்டுட்டுப் போகும். ஒட்டிப் போனா நேர் ரோட்டுல நமக்கு எதிர்க்காத்து கிடையாது, வேகம் கூடும். ஆனா வளைவுல, மூக்குல ரெக்கை மாதிரி இருக்கற தகட்டை, அந்த விங்கை, காத்து அமுக்கினாத்தான் டயர் தரையைப் பிடிக்கும். கலைஞ்ச காத்து அமுக்காது மேடம்."

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் ஒட்டிப் போனே?"

"பயிற்சியில மத்த வண்டிங்க பின்னாடி இதே இடைவெளியில போய்ப் பார்த்தேன். நல்லாத் திரும்புச்சு. இன்னிக்கு என்னாச்சுன்னே தெரியல..."

பக்கத்தில் நின்ற அவள் அணித் தோழி ஷமீரா கிசுகிசுத்தாள்: "பிரேக் பிடிக்கலன்னு சொல்லுடி. விட்டுடுவாங்க."

மலர்க்கொடி கூடாரத்துக்கு வெளியே தெரிந்த தன் வண்டியைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக ராப்பகலாகக் கட்டிய வண்டி.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு மேடம். நான் இன்னும் கொஞ்சம் தள்ளி வந்திருக்கணும். என் தப்புதான். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா..."

ஷோபனா பேனாவை எடுத்தார். வாசல் பக்கம் சலசலப்பு. சேறு சொட்டச் சொட்டத் தமிழரசன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

"விடாத மாப்ள! எழுதிக் குடு!" என்றான் அவன் அணிக்காரன் ஒருவன்.

"வாப்பா. இந்தப் பொண்ணு மேல புகார் இருக்கா?" என்றார் ஷோபனா.

தமிழரசன் இப்போதுதான் மலர்க்கொடியை நிமிர்ந்து பார்த்தான்.

"புகார் என் மேலதான் மேடம். காலையில நீங்க வண்டியைப் பரிசோதிச்சு அனுப்பினதும், விதியைவிட நாலு இன்ச் பெரிய விங்கைப் பின்னாடி மாட்டிட்டேன். அது காத்தை இன்னும் அதிகமாக் கலைக்கும். அவங்களுக்கு வரவேண்டிய காத்தைக் கெடுத்தது நான்தான். கோயம்புத்தூருக்கு அவங்களை அனுப்புங்க."