மேஜருக்கு இங்கிலீஷ்தான் புரியும்

"நாய் மூளையில இங்கிலீஷைத் தவிர வேற எந்தப் பாஷையும் ஏறாது. கர்த்தர் அப்படித்தான் படைச்சிருக்கார்" என்றார் ஜெபதுரை.

அடிவாரத்திலிருந்து வந்து, மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவர். எதைச் சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் மாதிரிதான் சொல்வார். பக்கத்தில் மேஜர் நின்றது. கருப்பும் வெள்ளையுமாக, காது தொங்க, நாக்கு தொங்க, பார்க்க லட்சணமான நாய்.

"அப்போ எங்க நாயிங்களுக்கு மூளையே இல்லீங்களா, ஐயா?" என்று கேட்டான் லட்சுமணன்.

"இருந்தா உன் வூட்ல ஏன் கெடக்குது? இது வேலூர் துரை வளர்த்த நாய். அஞ்சு வருஷம் வேட்டையில அவர் முழங்கால் பக்கத்துலயே நின்னுருக்கு. துப்பாக்கி வெடிச்சா கண்ணு கூட சிமிட்டாது. யுத்தத்துக்குப் போறப்ப என் கையில குடுத்துட்டுப் போனார்."

"சும்மாவா?"

"என் முகத்தைப் பார்த்துக் குடுத்தார்."

லட்சுமணன் மனைவி மங்கம்மாள் அவனுக்குப் பின்னாலிருந்து அந்த முகத்தை எட்டிப் பார்த்தாள். காரணம் எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"மேஜர், சிட்!" என்றார் ஜெபதுரை.

மேஜர் வாசலில் மேய்ந்த கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மேஜர், கம்!"

மேஜர் கோழியை இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காக இரண்டடி தள்ளிப் போனது.

"யோசிக்குது" என்றார்.

"எங்க வூட்டுக்காரரும் இப்படித்தாங்க, வெறகு பொளக்கச் சொன்னா யோசிப்பாரு" என்றாள் மங்கம்மாள்.

லட்சுமணனுக்குச் சிரிப்பு வரவில்லை. சாமை முற்றி நின்றது. அதில் பாதியைக் காட்டுப்பன்றிகள் தின்றுவிட்டன. மீதியும் போனால் வருஷம் முழுக்க வீட்டில் உலை ஏறாது. பன்றிகள் இப்போது நிலத்தின் கீழ்ச்சரிவில் இருந்த புதரில் படுத்திருந்தன. இன்றே விரட்டியாக வேண்டும்.

"நாயிங்களோட கெளம்புறோம் ஐயா. ஒண்ணு சொல்லிட்றேன். பன்னி வெரட்டப் போனா நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம். சத்தம் கேட்டா அதுங்க உஷாராய்டும். துண்டு தான் பேசும். தலைக்கு மேல சுத்தினா நாயி ஓடியாரும்; முன்னால வீசினா பாயும்."

ஜெபதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாய்க்கு முன்னாடி துண்டை ஆட்டித் தெருக்கூத்து நடத்துறவன் எஜமானனாடா? உசுரே போனாலும் அந்தக் கூத்தை நான் ஆட மாட்டேன். உன் சாமைக்கு மேஜர் பொறுப்பு. வா!"

ஊர்க்காரர்கள் எல்லோரும் புதரைச் சுற்றி வளைத்தார்கள். துண்டுகள் ஆடின, நாய்கள் பதுங்கின, இலை கூட அசையவில்லை. ஜெபதுரை மட்டும், "மேஜர், கோ! மேஜர், ஹண்ட்!" என்று மலைக்கே ஆணையிட்டுக்கொண்டிருந்தார். மேஜர் நடு நிலத்தில், புதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் முகத்தையே ஆசையாகப் பார்த்தது.

வளைத்து முடித்ததும், பன்றிகளைக் கிளப்ப லட்சுமணன் நாட்டு வெடியைப் பற்ற வைத்தான்.

டமார்!

மலை அதிர்ந்தது. ஊர் நாய்கள் அத்தனையும் வாலைக் கவட்டுக்குள் சொருகிக்கொண்டு சிதறின. மேஜர் அப்படியே நின்றது.

"அடேயப்பா! அசையல பாரு! இதுவல்லவா நாயி!" என்று கத்தினான் லட்சுமணன், வாயைத் திறக்கக் கூடாது என்பதை மறந்து.

ஜெபதுரையின் நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தெறிக்க வைக்கும் அளவுக்கு விரிந்தது. அதே கணம் புதர் பிளந்து, கன்றுக்குட்டி அளவில் ஒரு கொம்பன் பன்றி மேஜரின் முதுகைக் குறி வைத்துப் பாய்ந்து வந்தது.

"மேஜர்! கம்! ரன்! மேஜர்! ஐயோ, ஓடியாடா ராசா! என் கண்ணு, ஓடியாடா!"

இங்கிலீஷ் தீர்ந்து தமிழும் தீர்ந்துவிட்டது. மேஜர் வாலை ஆட்டியது.

ஜெபதுரை செருப்பை உதறிவிட்டு ஓடினார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு எஜமானர் ஓடி வருவதைப் பார்த்த மேஜர் இதை விளையாட்டென்றே எடுத்துக்கொண்டது. குஷியாக ஒரு துள்ளுத் துள்ளித் திரும்பி, முழு வேகத்தில் எதிர்ப்பக்கம் பாய்ந்தது. பன்றியின் மூக்கு எதிரே வந்தது.

தன்னை நோக்கி இத்தனை சந்தோஷமாக ஓடி வரும் நாயைப் பன்றி தன் ஆயுளில் பார்த்ததில்லை. சடாரென்று திரும்பி ஓடையில் இறங்கியது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும் இறங்கி, அடுத்த மலைக்கு ஓடியது.

ஊரே ஆர்ப்பரித்தது. லட்சுமணன் மேஜரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். மங்கம்மாள் தன் பங்குக் களியை அதற்கு உருட்டிப் போட்டாள்.

"பன்னி முதுகுல வந்து மோதப் போற வரைக்கும் திரும்பல பாத்தியா! இன்னா நெஞ்சழுத்தம்!" என்றான் லட்சுமணன்.

தின்ற களைப்பில் மேஜர் லட்சுமணன் வீட்டு வாசலில் தூங்கிப்போனது. அந்த நேரம் பார்த்து, மிச்சமிருந்த வெடி லட்சுமணன் மடியிலிருந்து நழுவி அடுப்பில் விழுந்தது.

டமார்!

சட்டி உடைந்தது. கோழிகள் கூரை ஏறின. மங்கம்மாள் புருஷன் மேலேயே ஏறினாள். மேஜர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களாடா வீரத்த!" என்றது ஊர்.

ஜெபதுரை கூட்டம் கலையும் வரை காத்திருந்தார். பிறகு குனிந்து, தூங்கும் நாயின் காதுக்குள் வாயை வைத்து, காக்கைகள் பறக்கும்படி "மேஜர்!" என்று கத்தினார். நாய் அசையவில்லை. அந்தக் காதில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அதற்குத்தான் காது ஆடியது.

மேஜர் தானாக விழித்தெழுந்து கோழியைத் தேடிப் புளிய மரத்தடிக்குப் போனது. துரை அஞ்சு வருஷம் அந்தக் காதுகளுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சுட்டிருக்கிறார். நாய் சுத்தச் செவிடு. ஜெபதுரை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், தோளிலிருந்த துண்டை மெதுவாக எடுத்துத் தலைக்கு மேல் சுற்றத் தொடங்கினார்.